ராடோவானின் பாம்பும் மூன்று கூடைக் காளானும்

எங்கள் அடுக்குமாடியில் அறுபத்து நான்கு வீடுகள். செப்டம்பர் வந்தால் அறுபத்து மூன்று வீடுகளில் பல் தந்தியடிக்கும். ஒரு வீட்டில் மட்டும் முப்பத்திரண்டு டிகிரி. வீடு முழுக்க என்று ஆசைப்பட வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியின் இடது மூலையில் மட்டும். அங்கே ஒரு மலைப்பாம்பு சுருண்டு படுத்துக்கொண்டு, கம்பளிக்குள் நடுங்கும் மனித குலத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டுக்காரர் ராடோவான் ஹ்மெலார். ஆறாவது மாடி. நான் அவருக்கு நேர் கீழே, ஐந்தாவது. எங்கள் செக் நாட்டு ஆஸ்ட்ராவா நகரத்தில் முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டிய மனுஷன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். மகனுக்கு மண்ணுக்கு அடியில் என்றாலே மூச்சு முட்டும், அதனால் தரைக்கு மேலே ஓடும் இரும்பைத் தேடிக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வண்டி இடித்தது ஒரே ஒரு அலமாரியை. அதைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்த இரண்டு பேரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். அலமாரி குடிக்கவில்லை, ஆனாலும் உடைந்தது அதுதான். அந்த விபத்துக்கு அவர் நாலு பக்கத்தில் அறிக்கை எழுதினார். மேலதிகாரி கேட்டது அரைப் பக்கம்.

டிராமில் ஒரு ஏற்பாடு உண்டு. ஓட்டுகிறவன் மயங்கி விழுந்தாலோ, தூங்கிவிட்டாலோ, செத்தே போனாலோ, அவன் கால் மிதியை விட்டு நகர்ந்ததும் வண்டி தானாக நின்றுவிடும். ராடோவானுக்கு அது வெறும் மிதி இல்லை, வேதம். உலகத்தில் சூடாவது, சுற்றுவது, ஓடுவது எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பார். தன் கல்யாணத்துக்கும் இருந்திருக்கலாம் என்று ஒருமுறை பீர்க்கடையில் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவர் மனைவி போஹுனா. எலும்பு முறிவு வார்டில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகூட நேராக உட்காரும்.

ராடோவான் ஓய்வு பெற்றபோது நாயோ, கிளியோ, நோயோ, ஏதோ ஒன்று வீட்டுக்கு வரும் என்று போஹுனா எதிர்பார்த்துத்தான் இருந்தார். பாம்பை எதிர்பார்க்கவில்லை. விளையாட்டு அரங்கத்தில் நடக்கும் பாம்புச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போன மனுஷன், துணிப்பையில் ஒரு பந்து மலைப்பாம்போடு திரும்பினார். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கடிக்காது, சத்தம் போடாது.

"முப்பத்தொரு வருஷமா ஏறினவன் எல்லாம் ஏதாவது பேசிக்கிட்டே இருந்தான். இது பேசாது, போஹுனா. டிக்கெட்டும் கேக்காது."

"தலையணைக்குக் கீழ வந்து படுக்குமா?"

"பெட்டிய விட்டு வராது."

"வராதுன்னா சரி. ஆனா கேட்டுக்க. ஏதாவது எரிஞ்சுது, புகைஞ்சுது, ஃபியூஸ் போச்சுன்னா, அன்னிக்கே இது ஓலமோட்ஸ் போகுது. உன் தங்கச்சி மகன்கிட்ட."

இதை அந்த அம்மாள் கோபத்தில் சொல்லவில்லை. வார்டில் விதிமுறை படிக்கிற குரலில் சொன்னார். அதனால்தான் ராடோவானுக்குப் பயம் வந்தது.

காரணம், தங்கச்சி மகன் டூஷானைப் பற்றி அவருக்குத் தெரியும். ஓலமோட்ஸில் ஒற்றை அறை வீட்டில் இருபத்திரண்டு பாம்பு வைத்திருக்கிறான். நேரே சுவர் பிளக்கில் செருகிய மின்சாரச் சூட்டுக் கற்கள், கூண்டு போடாத பல்புகள், ஒரு நீட்டிப்புப் பலகையின் வாலில் இன்னொரு நீட்டிப்புப் பலகை, அதன் வாலில் மூன்றாவது. ஒரு குளிர்காலத்தில் அவனிடம் இரண்டு பாம்பு வயிறு வெந்து செத்தன. "அதுங்களுக்கு ஏதோ நோய் மாமா" என்றான். ராடோவான் அங்கே ஒரே ஒருமுறை போனார். ஊற்றி வைத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். செக் நாட்டில் இதைவிடப் பெரிய கண்டனம் கிடையாது.

ஆக, வீட்டில் எது புகைந்தாலும் பாம்புக்கு ஓலமோட்ஸ். ஓலமோட்ஸ் என்றால் கல். இதை மனதில் வைத்துக்கொண்டு ராடோவான் வேலையை ஆரம்பித்தார்.

ஒரு பாம்புக்குச் சூடு வைக்க சாதாரண மனிதனுக்கு ஒரு சனிக்கிழமை போதும். இவருக்கு மூன்று மாதம் பிடித்தது. மேலே வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். பாம்பு போய்ச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. ஹீட்டருக்கு ஒரு தெர்மோஸ்டாட், முப்பத்திரண்டில் நிறுத்தும். அது கெட்டுப்போனால்? இரண்டாவது தெர்மோஸ்டாட், வேறு கம்பெனி, முப்பத்தைந்தில் மொத்த மின்சாரத்தையும் வெட்டும். இரண்டுக்கும் தனித்தனி சென்சார், பாம்பு படுக்கிற உயரத்தில். இடது பக்கம் ஒரு வெப்பமானி, குளிர்ந்த வலது பக்கம் ஒன்று. போதாதென்று, தூரத்திலிருந்து சுட்டால் சூடு சொல்லும் துப்பாக்கி ஒன்று. அதை வாங்கிய வாரத்தில் காப்பி, ஜன்னல், தபால்காரர் நெற்றி, என் வழுக்கை எல்லாவற்றையும் சுட்டார். என் வழுக்கை முப்பத்து மூன்று. பாம்புக்கு ஏற்றதாம்.

பாம்புக்கு லிபுஷா என்று பெயர் வைத்தார். ஏன் என்று கேட்டால், டிப்போவில் பதினோரு வருஷம் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு அம்மாளின் பெயராம். "அவங்களும் இப்படித்தான். அசையவே மாட்டாங்க. ஆனா பாத்துக்கிட்டே இருப்பாங்க."

ஏற்பாடு முடிந்ததும் பிரசங்கம் தொடங்கியது. வீட்டுக்கு வருகிறவன் கோட்டைக் கழற்றும் முன்னே பெட்டி முன் நிறுத்தப்படுவான்.

"இந்தக் கறுப்பு ஒயரோட நுனி தெரியுதா? இதுதான் சென்சார். இது பெட்டிக்கு உள்ள இருக்கிற வரைக்கும் எல்லாம் சரி. தப்பித் தவறி வெளிய வந்துச்சு வெச்சுக்க, அதுக்கு வெளிய இருக்கிற குளிர் மட்டுந்தான் தெரியும். குளிருது குளிருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஹீட்டர் நிக்காம எரியும். உள்ள இருக்கிறது வெந்துடும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று சொன்னால் இரண்டாவது நுனியைப் பற்றிச் சொல்வார். புரியவில்லை என்றால் முதலிலிருந்து. நான் இதை ஏழு முறை கேட்டிருக்கிறேன். மூன்றாவது மாடி ஷிம்கோவா அம்மா நான்கு முறை. போஹுனா, அவரே எண்ணியபடி, முன்னூறு முறைக்குக் குறையாமல்.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், விட்டெக்" என்றார் என்னிடம் ஒருநாள். "நுனி வெளிய, குளிர் தெரியும், ஹீட்டர் எரியும். என் வார்டுல மார்ஃபின் அலமாரிக்குக்கூட இவ்வளவு மந்திரம் கிடையாது."

மூன்று வருஷம் எதுவும் எரியவில்லை, புகையவில்லை. ராடோவான் காலையும் மாலையும் இரண்டு வெப்பமானியையும் பார்த்து நோட்டில் எழுதுவார். லிபுஷா பத்து நாளைக்கு ஒருமுறை, உறைய வைத்து இளக்கிய எலி ஒன்றை விழுங்கிவிட்டு மறுபடி அசையாமல் பார்க்கும். போஹுனா அதைத் தொட்டது கிடையாது. எலிகள் மட்டும் அந்த அம்மாளின் உறைபெட்டியில், பட்டாணிக்கும் கீரைக்கும் நடுவே, தேதி எழுதிய பையில் இருக்கும். ஒழுங்கு வேறு, பிரியம் வேறு.

பிறகு போன செப்டம்பர் வந்தது. இரண்டு வாரம் மழை, மூன்று நாள் வெயில். அப்புறம் காட்டில் காளான் முளைத்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். பெஸ்கிடி மலையடிவாரத்துக்குப் போகும் சனிக்கிழமைப் பேருந்தில் பாதிரியார், பல் மருத்துவர், கைத்தடி ஊன்றிய கிழவர் எல்லோரும் கூடையோடு ஏறினார்கள். யார் எந்த இடத்தில் இறங்குகிறார்கள் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். கணவனிடம் எந்தச் சமாச்சாரத்தையும் மறைக்காவிட்டாலும் காளான் இடத்தை மட்டும் மறைக்கிற ஜனங்கள் நாங்கள். ஹ்மெலார் தம்பதி மூன்று கூடை நிறையக் கொண்டுவந்தார்கள்.

காளானை நறுக்கியாகிவிட்டது. உலர்த்த வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ரேடியேட்டர்தான், ஜன்னலடியில் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் இரும்புப் பலகை. ரேடியேட்டர் மேல் செய்தித்தாள், செய்தித்தாள் மேல் காளான். ஆனால் வெளியே தொடர்ந்து இரண்டு நாள் சராசரி வெப்பம் பதின்மூன்றுக்குக் கீழே போனால்தான் நகரத்தின் வெந்நீர்க் குழாய்களில் சூடு விடுவார்கள். அந்த வாரச் சராசரி பதினாலு. நான் அந்தக் குழாய்களை முடுக்குகிற வேலை பார்ப்பவன். ஆகவே ஒரு டிகிரிக்காக அறுபத்து நான்கு வீட்டுக் காளானும் என் தலையில் விழுந்தது. லிஃப்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது.

"என்ன விட்டெக், உங்க ஆபீஸ்ல யாரும் காளான் திங்கிறதே இல்லையா?" என்றார் ஷிம்கோவா அம்மா.

"விதிம்மா அது."

"விதியப் போட்டு சூப் வெக்க முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ராடோவான் பழைய டிப்போக்காரர் ஒருவரின் அறுபதாம் பிறந்தநாளுக்காக ஓபாவாவுக்குப் பேருந்து ஏறினார். போகும் முன் வெப்பமானி பார்த்து எழுதினார். இடது முப்பத்தொன்றரை, வலது இருபத்தாறு. எல்லாம் சரி.

போஹுனா தனியாக இருந்தார். மேஜை முழுக்க நறுக்கிய காளான், அதில் புழு இப்போதே நடமாடத் தொடங்கியிருந்தது. மின்னடுப்புக்குள் மிதமான சூட்டில் ஞாயிற்றுக்கிழமை வாத்து. ரேடியேட்டர் செத்த மீன் மாதிரி சில்லென்று கிடந்தது. அடுப்பை விட்டால் வீட்டிலேயே சூடாக இருந்தது ஒரே ஒரு இடம். அதன் மேல்பக்கம் நல்ல அகலமான கம்பி வலை, கீழேயிருந்து வெதுவெதுப்பான காற்று. கடவுளே உட்கார்ந்து காளான் உலர்த்த ஒரு சாமான் செய்திருந்தால் அதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க மாட்டார். அந்த அம்மாள் வலை மேல் காளானைப் பரப்பினார். மீதியை அட்டையில் அடுக்கி அதற்கும் மேலே வைத்தார்.

ஆனால் முக்கால் மணி நேரம் ஆகியும் காளான் வாடவே இல்லை. ஹீட்டர் கொஞ்சம் எரியும், தெர்மோஸ்டாட் டக்கென்று நிறுத்தும். சூடு போதவில்லை. வேறு ஒரு மனைவியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. போஹுனாவுக்குத் தெரியும். முன்னூறு முறை கேட்டவர். நுனி வெளியே, குளிர் தெரியும், ஹீட்டர் எரியும். ராடோவான் மூன்று வருஷமாக அபாய அறிவிப்பு என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தது, காளான் உலர்த்தும் செய்முறை விளக்கம்.

பதினொன்றரைக்கு முதல் நுனியை வெளியே இழுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். முப்பத்தைந்தில் இரண்டாவது தெர்மோஸ்டாட் வெட்டியது. அந்த நுனியையும் இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஜன்னலில் லேசாக வெயில் அடித்ததால் இரண்டுக்கும் கீழே ஒரு ஈரத்துணி மடித்துப் போட்டார். தலைமைச் செவிலி எந்த வேலையையும் பாதியில் விடுவதில்லை. அரை மணி நேரம், பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்கு. பாம்புக்கு என்ன, ஆப்பிரிக்காக்காரிதானே.

அப்போது ஷிம்கோவா அம்மா கதவைத் தட்டினார். தன் காளானுக்கு இடம் கேட்க வந்தவர், காப்பிக்கு உட்கார்ந்தார்.

எங்கள் கட்டடத்தில் செய்திகள் குளியலறைக் காற்றுக் குழாய் வழியாகத்தான் வரும். யார் வீட்டில் முட்டைக்கோஸ், யார் வீட்டில் சண்டை, எல்லாம். ஒரு மணி சுமாருக்கு நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கருகிய காளான் வாசனை இறங்கியது. ஏதோ ஒரு முட்டாள் அடுப்பை மறந்துவிட்டான் என்று சிரித்தேன். பிறகு வாசனை மேலிருந்து வருகிறது என்று புரிந்தது. மேலே ஆறாவது மாடி. பாதி மழித்த கன்னத்தோடு ஓடினேன்.

கதவு திறந்தே இருந்தது. இரண்டு அம்மாக்களும் சமையலறையில், வாத்து வாசனையில், நடுவில் கேக்.

"என்னம்மா கருகுது?"

"ஐயோ, காளான்!" போஹுனா எழுந்தார். "அரை மணி நேரத்துக்குன்னுதான் வெச்சேன்."

"எப்ப வெச்சீங்க?"

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

அறைக்குள் புகை மெல்லிசாக நின்றது. ஹீட்டருக்கு நேர் மேலே காளான் கரியாகிக் கிடந்தது, அட்டையின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. இன்னும் கால் மணி போயிருந்தால் அட்டையும் திரைச்சீலையும் சேர்ந்து பற்றியிருக்கும். இடது வெப்பமானி நாற்பத்தாறு. வலது, குளிர்ந்த பக்கம் என்று பெயர் வாங்கிய அந்த வலது, முப்பத்தொன்பது. லிபுஷா வலது கோடியில் கண்ணாடி இடுக்கில் மூக்கை அழுத்திக்கொண்டு, வாயைப் பிளந்து கிடந்தது. வெளியேற வழி தேடி ஹீட்டர் கூண்டு வரை ஏறியிருக்க வேண்டும். முதுகில் உள்ளங்கை நீளத்துக்குச் செதில்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஜன்னலில் இரண்டு சென்சாரும் ஈரத்துணி மேல், குளுகுளுவென்று, சுற்றுலா வந்தவை போல் படுத்திருந்தன.

பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்தேன். ராடோவானுக்குப் போன் போட்டேன். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து டிராம்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன விட்டெக், சூடு விட்டுட்டாங்களா?"

"உங்க வீட்டுல விட்டாச்சு. பாம்புப் பெட்டி நாப்பத்தாறு காட்டுது."

பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது, மனுஷன் வெளியே வந்துவிட்டார். அப்புறம் அவர் குரல், நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"பிளக் பிடுங்கியாச்சா?"

"ஆச்சு."

"உயிர் இருக்கா?"

"வாயத் திறந்து வெச்சிருக்கு. பச்சைத் தண்ணியில முக்கட்டுமா?"

"முக்கினா செத்துடும்! வெதுவெதுன்னு, இருபத்தேழு. துப்பாக்கியால சுட்டுப் பாத்துக்க. ரெண்டு விரல் ஆழம் போதும், தலை மேல இருக்கணும். சென்சார் எங்க இருக்கு? கழண்டு விழுந்துடுச்சா?"

நான் போஹுனாவைப் பார்த்தேன். கழன்று விழுந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோருக்கும் சௌகரியம். அந்த அம்மாள் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஜன்னல் மேல இருக்கு, ராடோ. ரெண்டும். நான்தான் எடுத்து வெச்சேன். நீ அடுத்த பஸ்ஸப் பிடி."

பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மூன்று வருஷம் தொடாத பாம்பை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை நடு உடம்புக்கு. முதுகெலும்பு உடைந்தவனைக் கட்டிலிலிருந்து மாற்றுகிற மாதிரி.

"விட்டெக், துவைக்கிற தொட்டி. ஷிம்கோவா, வெள்ளத் துணி, இஸ்திரி போட்டது. நின்னுக்கிட்டு வாயப் பாக்காதீங்க!"

ஷிம்கோவா அம்மா ஓடினார். அந்த அம்மா ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு அட்டைப் பெட்டியில் பாம்பை நான் தூக்கிக்கொள்ள, போஹுனாவும் கூட வந்தார். ராடோவான் பேருந்து நிலையத்திலிருந்து நேரே அங்கே வந்தார், கோட்டுப் பொத்தானில் விருந்துக்காரர்கள் குத்திய காகிதப் பூ இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மருத்துவர் அம்மா முதுகைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். பிழைக்கும் என்றார். தினம் இரண்டு வேளை களிம்பு, மண்ணும் மரத்தூளும் கூடாது, வெறும் காகிதம் விரித்து அதையும் தினம் மாற்ற வேண்டும், இரண்டு மூன்று தடவை தோல் உரித்தால்தான் புண் ஆறும். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"காளான்" என்றார் போஹுனா.

மருத்துவர் எழுதிக்கொண்டார். வேறு நாட்டில் இருந்தால் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பினோம். பாம்பு துணி விரித்த ஒரு பெட்டியில், பக்கத்தில் வெந்நீர்ப் புட்டி. வாத்து மட்டும் பதமாக வெந்திருந்தது. அந்த அடுப்பின் தெர்மோஸ்டாட்டை யாரும் தொடவில்லை. நான் கிளம்பியிருக்க வேண்டும். வாத்து இருந்ததால் உட்கார்ந்தேன்.

போஹுனாதான் ஆரம்பித்தார்.

"எரிஞ்சது காளான். என் காளான்."

"ம்."

"புகைஞ்சுது. ஷிம்கோவா பாத்தா, விட்டெக் பாத்தான். நான் அன்னிக்குச் சொன்னது, எரிஞ்சாங்கிறதுதான். யார் எரிச்சாங்கன்னு நான் சொல்லல."

வெட்கப்படுகிறவர்கள் சிலர் அழுவார்கள், சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். போஹுனா சட்டம் பேசினார்.

ராடோவான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்க வேண்டும், நான் அவர் பக்கம் சேர்ந்துகொள்ளத் தயாராக வாயைத் துடைத்துவிட்டேன். மனுஷன் தலையை ஆட்டினார்.

"சரிதான். சொன்னது சொன்னதுதான். தப்பும் என்னோடதுதான்."

"உன்னோடதா? என்னய்யா உளர்ற?"

"கையால இழுத்தா வந்துடுற சென்சார் பாதுகாப்பு இல்ல, போஹுனா. ஓடுற டிராம்ல பயணி கதவத் திறக்க முடிஞ்சா, பயணியத் திட்டுறதில்ல. கதவு வெச்சவனத் திட்டணும். மூணு வருஷமா எல்லாருக்கும் வாயால சொன்னேன். ஒரு திருகாணி போட்டிருந்தா வாய் வலிச்சிருக்காது."

அவர் அதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. அறிக்கை எழுதுகிறவன் மாதிரிச் சொன்னார். போனை எடுத்து மேஜை மேல் வைத்து ஓலமோட்ஸுக்கு எண் அழுத்தினார்.

"மாமா!" டூஷான் குரல் சத்தமாக வந்தது. ராடோவான் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். "பாம்பா? தாராளமா கொண்டாங்க. ஒரு கல்லு சும்மாத்தான் கிடக்கு, ராப்பகலா எரியுது."

"அதுக்கு முதுகுல புண்ணு, டூஷான். சூடு கணக்கா இருக்கணும். தெர்மோஸ்டாட் நான் தர்றேன், மாட்டுவியா?"

"அதெல்லாம் எதுக்கு மாமா? கைய வெச்சுப் பாத்தா தெரியாதா? பாம்புக்குச் சுட்டா அது நகந்துக்காதா?"

போஹுனா தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் களிம்பு ஒட்டியிருந்தது. நாற்பத்தாறு டிகிரியில் நகர்ந்து நகர்ந்து கண்ணாடி மூலை வரை போன ஒன்றைத் தூக்கிய கை.

"குடு இங்க" என்று போனைப் பிடுங்கினார். "டூஷான், நான் அத்தை பேசுறேன். அது வரல."

"ஏன் அத்தை? இப்பத்தானே மாமா..."

"என் வார்டுலேர்ந்து புண்ணு ஆறாம யாரும் வீட்டுக்குப் போனதில்ல. ஆறட்டும், அப்புறம் பேசு. உன் அம்மாவ விசாரிச்சதாச் சொல்லு." போனை வைத்துவிட்டு ராடோவானைப் பார்த்து விரலை நீட்டினார். "பல்லக் காட்டாத. ஆறின மறுநாளே போகுது."

ராடோவான் பல்லைக் காட்டவில்லை. வாத்தின் காலைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். அது அவருடைய பங்கு.

அதன் பிறகு ஆறாவது மாடியில் ஒரு வீடு போய் ஒரு வார்டு வந்தது. காலை ஆறு மணிக்கு போஹுனா கையுறை போட்டுக் களிம்பு தடவுவார், காகிதம் மாற்றுவார். ராடோவானின் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு முளைத்தது. கூரை வழியாகக் குரல் எனக்குக் கேட்கும். "முப்பத்தொண்ணேகால்! ராடோ, தூங்கிட்டியா?" மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்த மனுஷன், இப்போது கால் டிகிரிக்குக் கைகட்டி நின்று பதில் சொன்னார்.

அவர் பங்குக்குப் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டினார். இரண்டு சென்சாரும் இப்போது உலோகப் பட்டைக்குப் பின்னால், நாலு திருகாணி. எடுக்க வேண்டுமானால் திருப்புளியும் கெட்ட எண்ணமும் வேண்டும். இரண்டாவது தெர்மோஸ்டாட்டை மாற்றி, ஒருமுறை வெட்டினால் ஆள் வந்து பொத்தானை அழுத்தும் வரை திரும்ப எரியாத ரகமாகப் போட்டார். மேல் வலைக்குச் சாய்வாக ஒரு கூரை வைத்தார், எதை வைத்தாலும் வழுக்கி விழும்படி. மனைவிக்குக் காளான் உலர்த்தும் மின்பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துத்தான் கொடுத்தார். அதற்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருந்தாராம். அதற்குள் காளான் காலம் முடிந்துவிட்டது.

நவம்பரில் லிபுஷா முதல் தோல் உரித்தது. ஜனவரியில் இரண்டாவது. மார்ச்சில் மூன்றாவதும் உரித்தபோது மருத்துவர் அம்மா, ஆறிவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொன்னதாக ஷிம்கோவா அம்மா வழியாக எனக்குச் செய்தி வந்தது. அடுத்த நாள் மாலை ரேடியேட்டர் வால்வு பார்க்கிற சாக்கில் மேலே போனேன். போஹுனா மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பாம்பை முழங்கை மேல் போட்டுக்கொண்டு விளக்கடியில் நின்றிருந்தார். ராடோவான் நாற்காலியில், பேனாவும் நோட்டும் மடியில். எழுதவில்லை.

"ஆறிடுச்சாமே" என்றேன். "ஓலமோட்ஸுக்கு எப்போ?"

ராடோவான் நோட்டைப் பார்த்தார்.

"ரெண்டு செதில் கோணலா வளந்திருக்கு" என்றார் போஹுனா.

"அது தழும்பும்மா. அப்படியேதான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்களாமே."

"டாக்டருக்கு முப்பது வயசு. நான் நாப்பது வருஷம் புண்ணு பாத்திருக்கேன்." பாம்பின் முதுகை விளக்குப் பக்கம் திருப்பினார். "இந்த நிலைமைல அனுப்ப முடியாது. அடுத்த தோல் வரட்டும்."

"அதுலயும் கோணலா இருந்தா?"

"இருந்தா அதுக்கடுத்தது. உனக்கு என்ன அவசரம்? உள்ள வந்துட்டுக் கதவ ஆன்னு திறந்து போட்டிருக்க, குளிர் அடிக்குது பாரு. சாத்துய்யா!"